எல்லாம் காத்துதான்

நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெண்களின் வயிற்றைக் காத்துவரும் சொல் ஒன்று உண்டு. காத்து.

வயிறு உப்பினால் காத்து. கட்டினால் காத்து. கலங்கிப்போனால் காத்து. விலாவில் குத்தினால், காத்து இடம் மாறிவிட்டது. என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் அங்கே மருந்து கொடுத்துவந்த டிரெஸர் ஐயா அருளிய சொல் அது. அவருக்குப் பின் வந்த டிரெஸர், என் அம்மாவுக்கும் அதையே அருளினார். எனக்கு, ஈப்போவில் ஓர் ஏர்கோன் அறையில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்க ஒருவர் "கேஸ்" என்றார். என் மகள் காலத்தில் அது "ஹார்மோன்" ஆகியிருக்கிறது. சட்டைதான் மாறுகிறது, உள்ளே இருப்பவர் அதே பெரியவர். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, இவருக்குக் கிடையாது. இவருடைய அருமை பெருமைகளை யாரும் முறையாக எழுதி வைக்கவில்லையே என்ற குறை எனக்கு வெகுநாளாக உண்டு.

முதல் பெருமை சிக்கனம். ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், வயிற்றைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம். வந்தவள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம், "வயித்துல..." என்று அவள் தொடங்கும்போதே சொல் தயார். வீட்டில் ஒரு குப்பி கோடாலித் தைலம் இருந்துவிட்டால் வைத்தியமும் முடிந்தது.

அம்மாவோடு டிரெஸர் அறைக்குப் போன காலைகள் நினைவிருக்கின்றன. விடியுமுன் பெரட்டு. ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் உடம்புக்கு முடியாதவர்கள் மட்டும் அந்த அறையின் படிக்கட்டில் வரிசையாக உட்கார்வார்கள். அம்மாவின் கைலி நுனியைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருப்பேன். மேசைமேல் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் வெள்ளையாகப் பேதி உப்பு, இன்னொன்றில் செம்மண் நிறத்தில் மிக்ஸர். டிரெஸர் ஐயாவின் கேள்வி ஒன்றே ஒன்று: "கட்டா, போக்கா?" கட்டு என்றால் உப்பு, போக்கு என்றால் மிக்ஸர். ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே, அளவும் அதே. சமத்துவத்தை எங்கள் தோட்டத்தில் நான் முதலில் கண்டது அந்த மேசையில்தான். சம்பள நாளில் அதைக் கண்டதாக நினைவில்லை.

கோளாறு அம்மாவிடம்தான். அவளுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லத் தெரியாது. "ஐயா, தூரமாவுறதுக்கு முன்ன நாலஞ்சு நாளு கட்டிக்கிது, வயிறு கல்லாட்டம் ஆயிடுது. தூரமான அன்னிக்கு அவுத்து வுட்டுடுது. ரெண்டாம் நாளு, மூணாம் நாளு தன்னால சரியாப் போவுது. மாசாமாசம் இதே கததான்."

டிரெஸர் ஐயாவின் பொறுமையை எப்படிப் புகழ்வது! "வீட்டு வெவகாரத்த எல்லாம் இங்க ஏம்மா கொண்டார்ற? காத்துதான், போ" என்று சொல்லிவிட்டு, கட்டு, போக்கு இரண்டையும் சொன்ன குற்றத்துக்காக இரண்டு ஜாடியிலிருந்தும் கொடுத்தனுப்புவார். உப்பு வாரிக் கொட்டும், மிக்ஸர் பூட்டிவிடும். மாதத்தில் ஆறு நாள் வந்துபோய்க்கொண்டிருந்த தொல்லையை முப்பது நாளுக்கும் நீட்டித்துக் கொடுத்த கைராசி அது.

அம்மா சொன்ன அந்த நான்கு வரிக்குள் ஒரு பாடப்புத்தக அத்தியாயம் இருந்தது. கருமுட்டை வெளிப்பட்ட பின் உடம்பில் புரோஜெஸ்டிரோன் கூடுகிறது. கருப்பையின் தசையை ஆடாமல் அசையாமல் அடக்கி வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஆனால் ரத்தத்தில் போகிற ஹார்மோன் விலாசம் எழுதிய கடிதம் இல்லையே. குடலில் இருப்பதும் அதே வகைத் தசை என்பதால் அதுவும் சேர்ந்து சோம்பிவிடுகிறது. மலம் பெருங்குடலில் கூடுதல் நேரம் தங்குகிறது, குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, கல்லாகிறது. கரு தங்காவிட்டால் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அப்போது கருப்பையின் உட்சவ்வு புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து தன் தசையை முறுக்கிப் பிழிகிறது. லயத்து வீடு தெரியும்தானே? வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்த வீட்டில் உரலில் இடித்தால் இந்த வீட்டில் டம்ளர் ஆடும். கருப்பையும் குடலும் குடியிருப்பது அப்படிப்பட்ட லயத்தில்தான். "அவுத்து வுட்டுடுது" என்று அம்மா சொன்னது அந்த டம்ளர் ஆடுவதை. அவள் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு தாண்டாதவள்.

தூரமான அந்த முதல் நாள் காலையிலும் அவளுக்குப் பால் வெட்ட நானூறு, ஐந்நூறு மரம் நிற்கும். நடுநிரையில் வயிறு கலங்கினால் என்ன செய்வாள் என்று கவலைப்பட வேண்டாம். நிர்வாகம் தாராளமானது. ஆண்களுக்கு எத்தனை ஏக்கர் கழிப்பறையோ, பெண்களுக்கும் அத்தனை ஏக்கர். அட்டையும் கொசுவும் இனாம். கங்காணியின் சைக்கிள் மணி கேட்டால் பாதியில் எழுந்துகொள்ளலாம், அதற்கும் தடையில்லை. அடக்கி அடக்கிப் பழக்கினால் குடல் நாளடைவில் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். வேலைக்கு இடைஞ்சல் செய்யாத உடம்பு அப்படித்தான் தயாராகிறது.

தோட்டத்துக்கு ஹார்மோன் பற்றித் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1960களின் இறுதியில் எத்திஃபோன் என்ற மருந்தின் அருமையைக் கண்டுபிடித்தது. பட்டையில் பூசினால் அது எத்திலீனை வெளிவிடும். எத்திலீன் மரத்தின் ஹார்மோன். அது சேர்ந்தால் பால்குழாய்கள் சீக்கிரத்தில் அடைத்துக்கொள்வதில்லை. வழக்கத்தைவிட நெடுநேரம் பால் வடியும். எந்த மரம், எந்தப் பக்கத்துப் பட்டை, என்ன அளவு, எந்தத் தேதி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று ஆபீஸில் கணக்கு வைத்திருந்தார்கள். அளவு மிஞ்சினால் பட்டை வறண்டுபோகும் என்பதால் கிராணிக்கும் துரைக்கும் மரத்தின்மேல் ஒரு கண் இருந்தது. வெட்டிய மரத்துக்கு மறுநாள் ஓய்வும் கொடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அதை வெட்டுவார்கள். வெட்டுகிறவள் ஒவ்வொரு நாளும் வேறு நிரையில் இருப்பாள்.

ஒரு கையில் டின், ஒரு கையில் பிரஷ்ஷோடு அம்மா மரம் மரமாக அந்த மருந்தைப் பூசிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஹார்மோன் மாறினால் வடிதல் மாறும் என்ற அறிவியலைத் தோட்டத்தில் கையால் செய்து காட்டியவள் அவள். அதே சங்கதியைத் தன் வயிற்றைப் பற்றிச் சொன்னபோதுதான் அது வீட்டு விவகாரமாகிவிட்டது. நியாயம்தானே. மரம் பால் தரும்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்து பெரிய மருத்துவ உலகத்தைப் பார்த்தால், அதன் அடக்கம் இன்னும் வியக்கவைக்கிறது. 1902-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் செக்ரெட்டினைக் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் என்று பிற்பாடு பெயர் பெற்ற இனத்தில் முதலில் அகப்பட்டதாகச் சொல்லப்படுவது அதுதான். அகப்பட்ட இடம் சிறுகுடல். அந்தப் பெயரையே ஸ்டார்லிங் 1905-இல்தான் ஒரு சொற்பொழிவில் பயன்படுத்தினார். ஆக, ஹார்மோனுக்குக் குடல்தான் பிறந்த வீடு. பிறந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனால் நன்றாக இருக்காது என்று பெரியவர்கள் நினைத்தார்கள் போலும். வயிற்று டாக்டரை ஒரு மாடியிலும் மகளிர் டாக்டரை இன்னொரு மாடியிலும் குடிவைத்தார்கள். ஃபைல் படியேறாது. உடம்புக்குள் மட்டும் லிஃப்ட் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பெருங்குடல் சுவரிலேயே உட்கார்ந்திருக்கின்றன. கல்லீரல் மூட்டை கட்டிப் பித்தத்தோடு வெளியே அனுப்பிய ஈஸ்ட்ரோஜனை, குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் முடிச்சவிழ்த்து மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவைக்கின்றன. மாடி தெரியாத ஜீவன்கள்.

நம் கிளினிக் அட்டைகளில் 'கடைசி மாதவிலக்குத் தேதி' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகளின் அட்டையில் அது நிரம்பியிருக்கும். வயிற்றுவலி என்று போகிறவளின் அட்டையில், நான் பார்த்தவரையில், ஒரு துளி மை அதன்மேல் பட்டதில்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து அசந்துபோய்ப் பாராட்டிய கதை நமக்குத் தெரியும். அவள் இன்று இருந்தால் எங்கள் ஊர்க் கிளினிக்கில் அந்தக் கட்டத்தின் வெண்மையைப் பார்த்து ஒரு பாட்டாவது பாடியிருப்பாள்.

பெண்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணம் அமெரிக்காவிலும் உண்டு. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கக் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1977-இல் வழிகாட்டியது. 1993-இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. சோதனைக்கூட எலிகளில்கூட ஆணையே விரும்பித் தேர்ந்தார்கள். பெண் எலியின் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடுமாம். பெண்ணின் ஹார்மோன் ஒன்றும் செய்யாது என்றால் குழப்பம் எங்கிருந்து வரும், செய்யும் என்றால் அதை அல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பது குதர்க்கம். சோதனையில்தான் விலக்கு, மாத்திரை விற்பனைக்கு வந்ததும் பாரபட்சம் பார்க்காமல் பெண்களுக்கும் கொடுத்தார்கள்.

ஐ.பி.எஸ். என்ற குடல் தொல்லை விஷயத்தில் ஒருமுறை பெண்களை முன்னால் நிறுத்திக் கௌரவித்ததும் உண்டு. குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமல், வலியும் கட்டும் போக்கும் மட்டும் மாறி மாறி வருகிற தொல்லை அது. மேலைநாடுகளில் பெண்களிடம் தெளிவாகவே அதிகம். ஆசியாவில் அந்த இடைவெளி சிறியது. போக்கு மிகுந்த வகைக்கு அலோசெட்ரான் என்ற மருந்தை அமெரிக்காவில் 2000 பிப்ரவரியில் பெண்களுக்கென்றே அனுமதித்தார்கள். சிலருக்குக் குடலுக்குப் போகும் ரத்த ஓட்டமே குறைந்து ஆபத்தானதால் அதே ஆண்டு நவம்பரில் அது சந்தையை விட்டுப் போனது. 2002-இல் கடும் நிபந்தனைகளோடு திரும்பியது. பெண்களின் முறை வந்த வேகத்தைச் சொல்கிறேன்.

நம் மலேசியாவில் 533 மருத்துவ மாணவர்களிடம் விசாரித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 15.8 விழுக்காட்டினருக்கு ஐ.பி.எஸ். இருந்தது, மாணவிகளிடம் கூடுதல். நாளைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "கேஸ்" என்று சொல்லப்போகிறவர்களுக்கே காத்து. அனுபவம் பேசுகிறது என்று இனி நம்பலாம்.

எதிலும் நமக்கு முதலிடம் கிடைப்பதில்லை என்று கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் புலம்புகிற சமூகம் நாம். அந்தக் குறையும் 2015-இல் தீர்ந்தது. தீர்த்துவைத்தது ஐ.பி.டி. ஐ.பி.எஸ். வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச்சக்தி தன் குடலையே தாக்கிப் புண்ணாக்குகிற க்ரோன் நோயும், அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் சேர்ந்த குடும்பம் அது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஐடா ஹில்மி, கோ கியன் லீ ஆகியோரும் மற்ற மருத்துவர்களும் இந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நாட்டில் முதன்முதலாகக் கணக்கெடுக்கத் தேர்ந்தது ஈப்போ இருக்கும் நம் கிந்தா பள்ளத்தாக்கைத்தான். மலாய்க்காரரிலும் சீனரிலும் லட்சத்துக்கு ஏறக்குறைய ஏழேழு பேர். இந்தியரில் ஏறக்குறைய 25. மூன்று மடங்குக்கு மேல் முன்னணி! கோட்டா இல்லை, மனு இல்லை, சிபாரிசு இல்லை, சுத்தமான தகுதி அடிப்படை. இப்படி ஒரு முதலிடம் வாங்கியிருக்கிறோம், ஒரு பாராட்டு விழா இல்லை, ஒரு பொன்னாடை இல்லை. லட்சத்தில் 25 என்பது சின்ன எண்தான். ஆனால் பின்பக்கம் ரத்தம் வந்தால் அது மூலம்தான் என்று முடிவுகட்டுவதில் நாம் காட்டும் உறுதியை அது துளிகூட அசைக்கவில்லை என்பதுதான் பெருமை.

மூலம் என்ற சொல்லின் ஆழத்தை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லி வைத்தார்களாம். நம் முன்னோர் ஆசனவாயைப் பற்றித்தான் சொன்னார்கள் என்பது என் கட்சி. ஆணுக்கு மூலம் வந்தால் இரண்டு வாரம் எம்.சி., மடியில் தலையணை, வீடே கருணைக்கிழங்கு மணக்கும், அரசாட்சிதான். பெண்ணுக்கு வந்தது வெளியில் தெரிந்தால் சம்பந்தம் கூடாது. எனக்குத் தங்கச்சி முறையாகும் ஒருத்திக்குப் பதினான்கு மாதம் ரத்தம் போனது. முதலில் மூலம் என்றார்கள். பிறகு, பிள்ளை பெற்ற உடம்பு, ஹார்மோன் சரியாகவில்லை என்றார்கள். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் குடலை மந்தமாக்கும், இரும்புச்சத்து மாத்திரை இன்னும் இறுக்கும், முக்கி முக்கி மூலமும் வரும் என்பதெல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதுதான் அந்தப் பதிலின் அழகு. அதைத் தாண்டி யாரும் பார்க்க வேண்டியதில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் தெரிந்தபோது அவள் முப்பத்தெட்டு கிலோ. நோய் அடங்கியிருக்கும்போது கருவுற்றால் பெரும்பாலும் அமைதியாகவே போகும், கொதித்துக்கொண்டிருக்கும்போது கருவுற்றால் பெரும்பாலும் கொதித்துக்கொண்டே இருக்கும் என்று அதன் பிறகுதான் அவளுக்கு ஒருவர் எடுத்துச் சொன்னார். கருத்தடை மாத்திரைக்கும் இந்த நோய்களுக்கும் சிறு தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுவதையும் சொன்னார். அதற்குள் அவளுக்கு இரண்டாவது வயிறு.

ஹார்மோன்தான் எல்லாவற்றுக்கும் சூத்திரதாரி என்று நான் சொல்ல வரவில்லை. மேலைநாடுகளில் சிறுவயதில் ஆண்பிள்ளைகளிடம் கூடுதலாக இருக்கும் க்ரோன் நோய், பருவம் வந்தபின் பெண்கள் பக்கம் சாய்கிறது. ஆசியாவிலோ பெரியவர்களிலும் ஆண்களே கூடுதல். இந்தச் சிக்கலை எல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் கேள்வி கேட்க வேண்டும், எழுத வேண்டும், எண்ண வேண்டும். ஒற்றைச் சொல் இருக்க எதற்கு அந்தப் பாடு?

ஆண்களைப் புகழாமல் விட்டால் மாமா கோபித்துக்கொள்வார். மலேசிய ஆண்களிடம் முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் பெருங்குடல் புற்றுநோய். பெண்களிடம் அது மார்பகத்துக்கு அடுத்த இடம். பெருங்குடலில் பீட்டா வகை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அதிகம், அது புற்றுக்கு ஓரளவு அணை போடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெண்கள் அளவுக்கு அந்த அணை இல்லாத என் தாய்மாமா, கிளினிக் கெசிஹாத்தானில் கொடுத்த மலச் சோதனைக் குழாயை மோட்டார் சைக்கிள் கூடையில் மூன்று வாரம் ஊர்வலம் விட்டார். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வயதுவரை உள்ளவர்களுக்காக 2014 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் நடக்கிறது. "வயித்துக் கோளாறெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்டா" என்று காப்பிக்கடையில் முழங்கிவிட்டு, குழாயைக் காலியாகவே திருப்பிக் கொடுத்த வீரம் அவருடையது.

அம்மாவுக்கு அந்தச் சோதனை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, நாங்கள் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் குடியேறி வெகுகாலம் ஆகியிருந்தது. தூரம் நின்றபின் அவளுக்குப் போக்கு போய்க் கட்டு மட்டும் மிஞ்சியது. அறுபத்திரண்டு வயதில் படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் கம்மி என்றார்கள். "வயசான பொம்பளைக்கு அப்படித்தான்மா, ஹார்மோன் நின்னுபோனா ஒடம்பு தளரும்" என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். அது குடலைக் கட்டும், கட்டினால் உப்பும், உப்பினால், இருக்கவே இருக்கிறது காத்து. மலத்தையும் கறுப்பாக்கும்; அதில் ரத்தம் கலந்திருந்தாலும் யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மாதவிலக்கு நின்று பத்து வருடமான ஒருத்தியின் ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வியை அந்த ஒரு மாத்திரை பதினோரு மாதம் ஒத்திப்போட்டது.

கட்டி வலப்பக்கப் பெருங்குடலில் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அந்தப் பக்கம் வருவது அதிகம். அங்கே குழாய் அகலம், மலம் இன்னும் நீர்த்தே இருக்கும். அதனால் எளிதில் அடைப்பு வராது, வலி வராது, உள்ளுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். தெரிந்த வேளையில் கல்லீரலுக்கும் போயிருந்தது. அம்மா 2009-இல் போனாள். அவள் கேஸால் போகவில்லை என்பதை அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஹார்மோன் மாத்திரைச் சோதனை ஒன்று உண்டு. மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு கூடியதால் 2002-இல் நிறுத்தினார்கள். 2004-இல் அதிலிருந்து வேறொரு கணக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களிடம் பெருங்குடல் புற்று குறைவு; ஆனால் வந்தவர்களுக்கு முற்றிய நிலையில் தெரிந்தது. அதிலும் அதற்கு முன்பே பிறப்புறுப்பு வழியாக ரத்தக்கசிவு கண்டிருந்தவர்களிடம் நிணநீர்க் கணுக்களுக்குக் கூடுதலாகப் பரவியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெருமிதம். கர்ப்பப்பையின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் குடலை மறக்கிற கலை நம் ஊர்க் கலை என்று நினைத்திருந்தேன். உலகத்தரம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, கவனிக்க வேண்டும். குடல் தொல்லைக்கு மாதவிலக்கைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில்லை. அங்கே அது வீட்டு விவகாரம். குடலைத் திறந்து பார்க்க வேண்டிய இடத்தில் அதே மாதவிலக்கு முதல் ஆளாகச் சாட்சிக்கூண்டில் ஏறிவிடுகிறது. பழி சுமக்கக் கூசுவதே இல்லை. இவ்வளவு விசுவாசமான வேலைக்காரியை எந்த எஜமானும் விடமாட்டான்.

மகள் கதை சுருக்கம்தான். பதினைந்து வயதிலிருந்து, அந்த மூன்று நாளும் கழிப்பறையில் உயிர் போய் உயிர் வரும். மலம் போகும்போது கத்தியால் கீறுவதுபோல என்பாள். மற்ற நாளில் ஒன்றுமில்லை. ஐ.பி.எஸ். என்று ஒருவர், ஹார்மோன் என்று ஒருவர், பரீட்சைப் பயம் என்று ஒருவர். சொந்தபந்தங்கள் சொன்ன மருந்துதான் மிக உயர்ந்தது: "கல்யாணம் ஆனா சரியாயிடும்." எந்தச் சோதனைக்கும் உட்படாத, பக்கவிளைவுப் பட்டியல் இல்லாத, மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டுக் கொடுக்கிற மருந்து வேறு எந்த நாட்டில் உண்டு?

இந்தப் பாரம்பரியத்தை ஒரு சின்னப் பெண் கெடுத்தாள். அரசாங்கக் கிளினிக்கில் புதிதாக வந்த டாக்டர், இருபத்தேழு வயதுகூட இருக்காது. "இந்த வலி பீரியட் எத்தனாவது நாள் வருது? அன்னைக்கு மட்டுந்தானா?" என்று கேட்டு, அந்த வெள்ளைக் கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டாள். இருபது நிமிடம் பேசினாள். வெளியே நம்பர் எடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முந்தின வாரம்வரை நானும் அந்தக் கூட்டத்தில் முணுமுணுத்தவள்தான். பிறகு ஃபைல் படியேறியது. எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே முளைத்து, குடல் சுவரிலும் ஒட்டி, மாதாமாதம் ஈஸ்ட்ரோஜன் சொல்வதைக் கேட்டு வீங்கிக் கசிகிற நோய். அதற்குப் பெயர் கிடைக்கும்போது மகளுக்கு இருபத்து நான்கு. ஒன்பது வருடம். உலகெங்கும் பெண்கள் இதற்குப் பல வருடம் காத்திருப்பது சகஜம் என்று அந்த டாக்டர் சொன்னாள், ஆறுதலாக.

இந்தக் குடும்பத்தில் இதையெல்லாம் எழுதி வைத்தவர் யாரும் இல்லையா என்று டாக்டர் கேட்டபோதுதான் அம்மாவின் காலண்டர் நினைவுக்கு வந்தது. தோட்டத்துச் சீனர் கடையில் வருடா வருடம் கொடுக்கும் குதிரைக் காலண்டர். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி எழுதவராது. பென்சிலால் குறி போடுவாள். தூரமான நாளுக்குப் புள்ளி, கட்டிய நாளுக்குப் பெருக்கல், அவிழ்த்த நாளுக்கு வட்டம். ஏழெட்டு மாதம் விடாமல் போட்டு, டிரெஸர் ஐயா வாயால் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாரே என்று ஒருநாள் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். டிரெஸர் ஐயா விரித்துப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் ஓர் ஆர்வம். "என்னம்மா, நாலு நம்பரு கணக்கா?" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் பழையபடி மாட்டினாள். மாமாவின் கண்ணில் அது பட்டது அன்று சாயங்காலம். வட்டம் போட்ட தேதிகளை மட்டும் எடுத்துக் கூட்டிக் கழித்து லாட்டரிக்கு நம்பர் எழுதினார். அந்த வாரம் ஆறுதல் பரிசு விழுந்தது.